மடைக்கு மேலா, கீழா? வால்வு ப்ரீ-ஆம்ப் புதிதாக வாங்கியவர்களுக்கு

சேரன்மகாதேவியில் எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மகன் போன விடுமுறைக்கு வந்தபோது, அங்கே பழையதாக வாங்கிய விலையுயர்ந்த வால்வு ப்ரீ-ஆம்ப் ஒன்றைத் துணி சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். முன்பக்கம் ஆறு குமிழ், நாலு சுவிட்ச். பின்பக்கம் முப்பதுக்குப் பக்கமாகச் சாக்கெட்டுகள். "தம்பி, இதுல எதத் தொட்டா என்ன ஆவும்னு ஒண்ணும் வெளங்கல. ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று போன் செய்தார்.

போனேன். ஒரு நாள் முழுக்க இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கையில் எனக்கே சில விஷயம் தெளிவானது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். வால்வு என்றதும் பயப்பட வேண்டாம். சிக்னலைப் பெருக்கும், காற்றில்லாத கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். நம் தாத்தா வீட்டு ரேடியோவில் இருந்ததும் இதே சாதிதான். 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்த காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் வால்வு செட்டுகள். சுவிட்சைப் போட்டு அரை நிமிஷம் காத்திருந்தால்தான் பேசும். அந்தப் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் இது என்ன பெட்டி என்று பார்த்துவிடுவோம். சிடி பிளேயர், இசைத்தட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் இதற்குள் வரும். எதைக் கேட்பது, எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்று இது தீர்மானித்து பவர் ஆம்புக்கு அனுப்பும். ஸ்பீக்கரை ஓட்டுவது பவர் ஆம்பின் வேலை. அதனால் ப்ரீ-ஆம்பின் பின்பக்கம் ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தைத் தேடாதீர்கள், கிடையாது.

அண்ணாச்சிக்கு நான் இப்படிச் சொன்னேன். "உங்க கால்வாய நினைச்சுக்கோங்க. வால்யூம் குமிழ்தான் மடை. பலகையத் தூக்கினா வயலுக்குத் தண்ணி, இறக்கினா நின்னுரும். ஆனா மடைக்கு மேலயே ஒருத்தன் கால்வாய வெட்டித் தண்ணி கொண்டுபோனா, நீங்க பலகைய இறக்கி என்ன பிரயோஜனம்?" அவர் சிரித்துவிட்டார். அந்த வகையில் அவருக்கு ஊரில் ஒரு வழக்கே இருந்திருக்கிறது.

இந்தப் பெட்டியில் எந்தச் சாக்கெட்டைத் தொட்டாலும், எந்தக் குமிழைத் திருப்பினாலும், அது மடைக்கு மேலா கீழா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால்வாசிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கரண்ட் போடுமுன்

பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கும். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், ஜப்பான் உள்ளூர்ப் பெட்டி 100 வோல்ட். நம் வீட்டில் 230. நேரே சொருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃப்யூஸோடு போகும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கண்டென்சர்களும் சேர்ந்து போகும். சில பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை மாற்றி 230க்குக் கொண்டுவரலாம். அது விஷயம் தெரிந்த டெக்னீஷியன் செய்ய வேண்டிய வேலை, ஃப்யூஸ் அளவையும் அவர் மாற்ற வேண்டும். முடியாத பெட்டி என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். பெட்டி இழுக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். எர்த் பின் இந்தப் பக்கம் முதல் அந்தப் பக்கம் வரை அறுபடாமல் போகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. அண்ணாச்சியின் மகன் அங்கிருந்து பழைய டர்ன்டேபிளும் கொண்டுவந்திருந்தான். ஸ்டெப்-டவுன் போட்டாயிற்று, ஆனால் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுகிறார். காரணம் வோல்ட் இல்லை. அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்னோட்டத்தின் தாளத்துக்கே சுழலும் சின்க்ரனஸ் மோட்டார் உள்ள தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்ற வேண்டியது இருபத்தெட்டுக்கும் குறைவாகச் சுற்றும். ஸ்டெப்-டவுன் இதைச் சரிசெய்யாது. மோட்டார் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு உள்ளதாக மாற்ற வேண்டும்.

எர்த் சரியாக இருக்கட்டும். வால்வு பெட்டிக்குள் 200, 300 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. மூன்றாவது பின்னை வெட்டிவிட்டுச் சொருகுகிற பழக்கம் நம்மூரில் உண்டு. அந்த வேலை இங்கே கூடவே கூடாது. பழைய வீடு என்றால், கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

வைக்கும் இடம்: பவர் ஆம்பின் தலைமேல் வேண்டாம். மேலே ஒரு சாண் காற்றோட்டம் வேண்டும். நம் வீடுகளில் ரேடியோவுக்கும் டிவிக்கும் பூப்போட்ட துணி விரிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், இதற்கு வேண்டாமென்று. கதகதப்புக்குப் பல்லி உள்ளே போகும் என்பதும் உண்மைதான். பல நாள் ஓட்டாமல் வைத்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து மேல்துளை வழியாக ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வரும் சாக்கெட்டுகள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிடி, டியூனர், ஆக்ஸ், வீடியோ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றுதான், வெறும் பெயர். டியூனர் என்று எழுதியதில் சிடியை மாட்டினாலும் பாடும். இரண்டே இரண்டு மட்டும் வேறு ஜாதி.

ஒன்று ஃபோனோ. இது இசைத்தட்டு முள்ளுக்கு மட்டும். சிடியை இதில் மாட்டினால் காது கிழியும், குண்டுச் சத்தமாகச் சிதறும்.

இன்னொன்று பைபாஸ், ப்ராசஸர், ஹோம் தியேட்டர் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இதில் வருவது வால்யூம் குமிழைத் தொடாமல் நேரே வெளியே போகும். மடையில்லாத கால்வாய். சினிமா பார்க்கும் ரிசீவர் வைத்திருப்பவர்கள், வால்யூமை ரிசீவரிலேயே வைத்துக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. ரிசீவர் இல்லாதவர்கள் இதில் எதையும் மாட்டாதீர்கள். அண்ணாச்சி வீட்டில் அந்தச் சாக்கெட் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.

வெளியே போகும் சாக்கெட்டுகள்

இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். நான் அடிபட்டதும் இங்கேதான்.

பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தபோது முதல் வால்வு ப்ரீ-ஆம்ப் வாங்கினேன். பழசு. பின்பக்க எழுத்தெல்லாம் தேய்ந்து "அவுட்" என்பது மட்டும் தெரிந்தது. அவுட்தானே என்று அதிலிருந்து பவர் ஆம்புக்கு வயரை மாட்டினேன். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தேன், அந்த அளவுக்கு ஜாக்கிரதைக்காரன். காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் சிடியைப் போட்டேன். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதே நாகஸ்வரம் முழு மூச்சில் வெடித்தது. குமிழை இந்தப் பக்கம் திருப்புகிறேன், அந்தப் பக்கம் திருப்புகிறேன், ஒரு பொட்டு குறையவில்லை. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் இடது ஸ்பீக்கரில் மேல்சத்தத்துக்கான ட்வீட்டர் போய்விட்டது. எதிர் வீட்டு ஆச்சி நடையில் நின்று, "யாருக்குல கல்யாணம்?" என்று கேட்டாள்.

நான் மாட்டியது டேப் அவுட். ரெக்கார்டரில் பதிவதற்காக உள்ளது. நீங்கள் கேட்கும் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பதிவின் அளவு மாறக்கூடாது, அதனால் அதை மடைக்கு மேலேயே வெட்டியிருப்பார்கள். சிடி பிளேயர் அதிகபட்சம் 2 வோல்ட் கொடுக்கும். பல பவர் ஆம்புகளுக்கு ஒன்று, ஒன்றரை வோல்ட் கிடைத்தாலே முழுச் சத்தம். மீதிக் கணக்கை என் ட்வீட்டர் சொல்லும்.

டேப் அவுட், ரெக்கார்ட் அவுட், ஃபிக்ஸ்டு அவுட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது மடைக்கு மேல். மெயின் அவுட், ப்ரீ அவுட், வேரியபிள் என்று இருந்தால் மடைக்குக் கீழ். பவர் ஆம்புக்குப் போவது கீழே உள்ளதிலிருந்துதான். எழுத்துத் தேய்ந்திருந்தால் சோதிக்க வழி உண்டு. பாட்டை ஓடவிட்டு, மல்டிமீட்டரைக் குறைந்த ஏசி வோல்ட்டில் வைத்துச் சாக்கெட்டில் பிடியுங்கள். வால்யூமைத் திருப்பும்போது அளவு ஏறி இறங்கினால் மெயின், குமிழைச் சட்டை செய்யாமல் தன்போக்கில் ஆடினால் டேப்.

டேப் அவுட் இந்தக் காலத்தில் வீண் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இதுதான் வழி. ஆனால் பதியாத நேரத்தில் அந்த வயரைக் கழற்றிவிடுங்கள். அணைந்து கிடக்கும் ரெக்கார்டர் சில சமயம் சிக்னலைப் பிடித்து இழுக்கும், பாட்டு லேசாகக் கரகரக்கும். காரணம் தெரியாமல் வால்வை மாற்றிக்கொண்டிருப்போம்.

மெயின் அவுட் இரண்டு வகையில் இருக்கலாம். வட்டமாக, நடுவில் ஒற்றைத் துளையோடு இருப்பது ஆர்.சி.ஏ. மூன்று ஊசி உள்ள பெரியது எக்ஸ்.எல்.ஆர். மூன்றில் முதல் ஊசி எர்த், இரண்டாவதில் சிக்னல், மூன்றாவதில் அதே சிக்னல் தலைகீழாக. வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல ஏறும், மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய் இசை மட்டும் நிற்கும். வயர் நீளமாகப் போகிற வீட்டில் இதன் அருமை தெரியும். இரண்டு மூன்று மீட்டருக்குள் என்றால் ஆர்.சி.ஏ. போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். எக்ஸ்.எல்.ஆரில் பெரும்பாலும் 6 டெசிபல் கூடுதலாக வரும். ஆர்.சி.ஏ.விலிருந்து இதற்கு மாறிய அன்று வால்யூமைப் பழைய இடத்தில் வைக்காதீர்கள். ஒரே பவர் ஆம்புக்கு இரண்டையும் சேர்த்து மாட்டவும் வேண்டாம். எக்ஸ்.எல்.ஆரை ஆர்.சி.ஏ.வாக்கும் அடாப்டரில் மூன்றாவது ஊசியை எர்த்தோடு சேர்த்திருப்பார்கள். சில வால்வு பெட்டிகளுக்கு அது ஆகாது. கையேட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அடுத்தது, வால்வு ப்ரீ-ஆம்ப் வாங்குகிறவர்கள் பலர் கவனிக்காத சங்கதி. மெயின் அவுட்டில் ஒரு கண்டென்சர் வழியாகத்தான் சிக்னல் வெளியேறும். அந்தப் பக்கம் பவர் ஆம்ப் எவ்வளவு ஓம் காட்டுகிறது என்பதைப் பொறுத்து அடிச்சத்தம் (பேஸ்) நிற்கும், அல்லது மெலியும். உதாரணத்துக்கு அந்தக் கண்டென்சர் 0.47 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். பவர் ஆம்ப் 47 கிலோ ஓம் என்றால் சுமார் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், கவலையே இல்லை. 10 கிலோ ஓம் டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் 34 ஹெர்ட்ஸிலேயே தளர்ந்துவிடும். "வால்வுல பேஸ் இல்ல" என்று குறைப்படுகிறவர்களில் பலருக்கு இதுதான் நோய். ப்ரீ-ஆம்பின் வெளிவாய் மின்தடையைப் போலப் பத்து மடங்காவது பவர் ஆம்பின் உள்வாய் மின்தடை இருக்கட்டும் என்பது பொதுக்கணக்கு. வால்வு ப்ரீ-ஆம்புக்கு 20 கிலோ ஓமுக்கு மேல் இருந்தால் நிம்மதி.

மெயின் அவுட் இரண்டு ஜோடி இருந்தால், இரண்டாவதில் அடிச்சத்தத்துக்கென்றே உள்ள சப்-ஊஃபர் ஸ்பீக்கரை மாட்டலாம். ஆனால் உள்ளே இரண்டும் ஒரே குழாயின் இரண்டு வாய்தான். 47 கிலோ ஓம் பவர் ஆம்போடு 10 கிலோ ஓம் சப்-ஊஃபரைச் சேர்த்தால் ப்ரீ-ஆம்ப் பார்க்கும் மொத்தம் 8 கிலோ ஓம் சொச்சம். பேஸ் கூட்டலாமென்று சப்-ஊஃபர் வாங்கிவந்து, பெரிய ஸ்பீக்கரின் பேஸைக் குறைத்துக்கொண்ட கதையாகிவிடும்.

போடும் வரிசை

ஊர்க் கொடைக்கு மைக் செட் போடும் அண்ணாச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லா வயரும் மாட்டி முடித்த பிறகுதான் ஆம்பைப் போடுவார்கள். இங்கேயும் அதேதான்.

வால்யூம் பூஜ்யம். சத்தத்தை அடைத்து வைக்கும் மியூட் சுவிட்ச் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் சிடி பிளேயரோ டர்ன்டேபிளோ. அடுத்து ப்ரீ-ஆம்ப். இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். வால்வுக்குள் இழை சூடேற வேண்டும், கண்டென்சர்கள் நிரம்ப வேண்டும். அந்த நேரத்தில் வெளிவாயில் வோல்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பவர் ஆம்ப் விழித்திருந்தால் அது "டும்" என்று ஸ்பீக்கரில் விழும். நல்ல பெட்டிகள் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் தாங்களே மியூட்டில் இருந்துவிட்டு, "டிக்" என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சத்தத்தோடு திறக்கும். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். அந்த டிக் கேட்ட பிறகு பவர் ஆம்பைப் போடுங்கள். அது எப்போதும் கடைசி.

அண்ணாச்சி பத்து விநாடியில், "என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?" என்று எழுந்துவிட்டார். "ரேடியோ காலத்த நெனச்சுக்கோங்க" என்றேன். உட்கார்ந்தார்.

உடனே பாடும். ஆனால் அதன் நல்ல குரல் வர இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அதற்காக நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டாம். சின்ன வால்வுகளுக்கு ஆயுள் சில ஆயிரம் மணி நேரம், வீணாகத் தேயும். சாப்பிட்டுவிட்டு வருகிற இடைவெளிக்கு மட்டும் அணைக்காமல் விடலாம்.

முன்பக்கம்

வால்யூமைப் பைய திருப்புங்கள். கடிகார முள் போல நினைத்தால் 7 மணியில் தொடங்கும். 9 மணிக்கு வருவதற்குள்ளேயே வீடு நிறைந்துவிட்டால் பெட்டியில் கோளாறு இல்லை, உங்கள் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் அது தேவைக்கு மேல் பெருக்குகிறது. பெருக்கத்தின் அளவை மாற்றும் கெயின் சுவிட்ச் இருந்தால் குறைந்ததில் வையுங்கள், குமிழ் 11 மணி வரை நிதானமாகப் போகும். ராத்திரி குறைந்த சத்தத்தில் கேட்கும்போது இடமும் வலமும் ஒத்துப்போவதும் அங்கேதான். கெயினை மாற்றும்போது மியூட் போடாமல் தொடாதீர்கள். சில பெட்டிகளில் குமிழைத் திருப்பும்போது உள்ளே டிக் டிக்கென்று ரிலே அடிக்கும். அது அதன் சுபாவம்.

பேலன்ஸ் குமிழ் நடுவிலேயே கிடக்கட்டும். அறையில் ஒரு பக்கம் ஜன்னலும் மறுபக்கம் பீரோவும் இருந்தால் கொஞ்சம் நகர்த்தலாம்.

மோனோ சுவிட்சைப் பலர் தொடுவதே இல்லை. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஐம்பது, அறுபதுகளின் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. அதில் இசை, முள்ளின் பக்கவாட்டு ஆட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழுமாக ஆடுவது தூசியும் தேய்மானமும். மோனோ போட்டால் அந்த மேல்-கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். அண்ணாச்சியிடம் இருந்த ஒரு பழைய நாகஸ்வரத் தட்டில் இதைப் போட்டுக் காட்டினேன். மழை விட்டது போல இருந்தது. அன்று அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டது இந்தச் சுவிட்சுக்குத்தான்.

போலாரிட்டி அல்லது இன்வெர்ட் சுவிட்ச் அலையைத் தலைகீழாக்கும். சில வால்வு ப்ரீ-ஆம்புகள் அமைப்பிலேயே அலையைத் திருப்பித்தான் அனுப்பும். கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் ஸ்பீக்கர் வயரில் சிவப்பையும் கறுப்பையும் இரண்டு பக்கமும் மாற்றி மாட்டச் சொல்லியிருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டால் பேஸ் ஓடிவிடும். இந்தச் சுவிட்சால் வித்தியாசம் கேட்கிறதா என்றால், எனக்குச் சில தட்டுகளில் கேட்கிறது, பலவற்றில் இல்லை. கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

டேப் மானிட்டர் சுவிட்ச் தெரியாமல் அமுங்கியிருந்தால் எதைப் போட்டாலும் சத்தம் வராது. பெட்டி ரெக்கார்டரைக் கேட்டுக்கொண்டிருக்கும், ரெக்கார்டரோ அங்கே இல்லை. ரிப்பேர்காரரைக் கூப்பிடுமுன் இதைப் பாருங்கள்.

இசைத்தட்டுக்கு

முள் இரண்டு வகை. எம்.எம். (காந்தம் அசைவது) என்பது 3 முதல் 5 மில்லிவோல்ட் கொடுக்கும், அதற்கு 47 கிலோ ஓம் லோடு (முள்ளுக்கு எதிரே ஃபோனோ காட்டும் மின்தடை), 40 டெசிபல் அளவு கெயின். எம்.சி. (சுருள் அசைவது) என்பது அரை மில்லிவோல்ட்டும் தராது, அதற்கு 60 டெசிபலுக்குப் பக்கம் வேண்டும். லோடு 100 ஓமிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முள்ளின் சுருள் மின்தடையைப் போலப் பத்து மடங்கு என்று ஒரு கணக்கும் உண்டு. லோடைக் குறைத்தால் மேல்சுருதி அடங்கும், கூட்டினால் பளபளக்கும். இது ருசி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மியூட் போடுங்கள்.

தட்டில் பதியும்போது அடிச்சத்தத்தைக் குறைத்தும் மேல்சத்தத்தைக் கூட்டியும் வெட்டுவார்கள். 1954இல் ஏற்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு அது. ஃபோனோ அதைத் திருப்பி நேராக்கும். சிடியை அதில் மாட்டினால் ஏன் குண்டாக வரும் என்பது இப்போது புரியும்.

டர்ன்டேபிளிலிருந்து தனியாக ஒரு மெல்லிய வயர் தொங்கும். அதைப் பின்பக்கத் திருகாணியில் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் "உம்ம்" என்று உறுமும்.

உம், உஸ், கரகர

மடைக் கணக்கு இங்கேதான் சோறு போடும். வால்யூமை முழுக்கக் குறையுங்கள். உறுமல் அப்படியே இருக்கிறதா? அப்படியானால் அது மடைக்குக் கீழே. ப்ரீ-ஆம்பின் கடைசி வால்வு, பவர் ஆம்ப், நடுவே உள்ள வயர், இந்த மூன்றில் ஒன்று. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? மடைக்கு மேலே. அடுத்து, எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் குமிழைத் திருப்புங்கள். ஃபோனோவில் மட்டும் என்றால் எர்த் வயரையும் ஃபோனோ வால்வையும் பாருங்கள். சிடியில் மட்டும் என்றால் அந்த வயர்.

மடைக்குக் கீழே என்று தெரிந்தால், முதலில் பவர் ஆம்பை அணைத்து, ப்ரீ-ஆம்பிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். உறுமல் இருந்தால் பவர் ஆம்ப், போய்விட்டால் ப்ரீ-ஆம்ப் அல்லது வயர்.

எங்கே திருப்பினாலும் உறுமுகிறது என்றால், வீட்டில் டிவி பெட்டியோடு இதைச் சேர்த்து மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தெருவிலிருந்து வரும் கேபிள் வயர் தனக்கென்று ஒரு எர்த்தைக் கொண்டுவரும். இரண்டு எர்த்துக்கும் நடுவே சுற்றோட்டம் ஓடி உறுமும். அந்தக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், அண்ணாச்சி வீட்டில் அதோடு நின்றது. எல்லாப் பெட்டியையும் ஒரே போர்டில் சொருகுவதும் நல்லது. மறுபடியும் சொல்கிறேன், எர்த் பின்னை வெட்டாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் கரகரப்பு அல்லது உஸ் என்றால் வால்வைச் சந்தேகப்படலாம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆற விடுங்கள். கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். மேல்மூடி வழியாக வால்வை மட்டும் எடுக்க முடிகிற பெட்டி என்றால் நீங்கள் செய்யலாம், திருகைக் கழற்றிக் குடலைத் திறக்க வேண்டிய பெட்டி என்றால் டெக்னீஷியனிடம் விடுங்கள். வால்வைக் கண்ணாடியின் அடிப்பக்கம் பிடித்து, லேசாக அசைத்து நேர் மேலே உருவ வேண்டும். சாய்த்து இழுத்தால் ஊசி வளையும். இடது வால்வையும் வலது வால்வையும் இடம் மாற்றுங்கள். கரகரப்பும் கூடவே பக்கம் மாறினால் வால்வு கெட்டது. மாறாவிட்டால் வால்வு மேல் பழியில்லை. வால்வின் உச்சியில் வெள்ளி முலாம் போல மினுங்குவது பால்வெள்ளையாக வெளுத்திருந்தால் சோதனையே வேண்டாம், உள்ளே காற்று புகுந்துவிட்டது.

புது வால்வு வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 12 ஏ.எக்ஸ். 7 என்பதும் ஈ.சி.சி. 83 என்பதும் ஒன்றே. 12 ஏ.யு. 7 என்பது ஈ.சி.சி. 82. இவை இரண்டும் ஒரே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் பெருக்கம் முன்னதற்கு 100, பின்னதற்கு 20க்கும் கீழே. 6922 என்பதும் அதே ஒன்பது ஊசிதான், அதே உயரம்தான். ஆனால் சூடேற்றும் இணைப்பே வேறு. 12.6 வோல்ட் கொடுக்கும் சாக்கெட்டில் அதைச் சொருகினால் போட்ட அன்றே சாகும். உட்காருகிறதே என்று எதையும் சொருகக்கூடாது.

அணைப்பது

போட்டதற்குத் தலைகீழ். வால்யூமைக் குறைத்து, பவர் ஆம்பை முதலில் அணையுங்கள். அதன் விளக்கு முழுக்க அடங்கட்டும். அப்புறம் ப்ரீ-ஆம்ப். அணைத்து உடனே மறுபடி போடாதீர்கள், ஒரு நிமிஷமாவது விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பொதிகைப் பக்கம் மின்னல் வெட்டத் தொடங்கினால் சுவிட்சை நம்ப வேண்டாம். பிளக்கையும், கேபிள் டிவி வயரையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுங்கள்.

போன வாரம் ராத்திரி அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, எடது பக்கம் கரகரன்னு ஒரு சத்தம். வால்யூமக் கொறச்சாலும் கொறையல. மடைக்குக் கீழதான்னு பவர் ஆம்பு வயரக் கழட்டிப் பாத்தேன், சத்தம் நின்னுட்டு. பொறவு கரண்டப் புடுங்கி, ஆற வச்சு, ரெண்டு வால்வையும் மாத்திப் போட்டேன். இப்ப கரகரப்பு வலது பக்கம் வந்துட்டு."

"அப்ப வால்வுதான் அண்ணாச்சி. மேல என்ன நம்பர் போட்டிருக்கு?"

"இரு, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்" என்றார்.